ஒட்டுக்கன்றைத் தாய்மரத்திலிருந்து எப்போது அறுப்பது?

கேள்வி: தருமபுரி நகரில் உள்ள எங்கள் சபையில் ஏறக்குறைய 320 குடும்பங்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டு ஆண்டுகளில் நூற்றாண்டு விழா வருகிறது. அதன் நினைவாகப் புதிய சபைகள் உருவாக உதவ வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானித்து 12 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். எந்த வழியில் உதவுவது என்பதில்தான் ஒருமனம் ஏற்படவில்லை. அரூர் பக்கம் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஆலயம் கட்டிக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆறு ஊழியர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் அனுப்பலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வேலைக்காக ஓசூருக்குக் குடிபெயர்ந்த எங்கள் சபையார் 11 குடும்பத்தார் பாகலூர் சாலைப் பகுதியில் ஒரு வீட்டில் ஞாயிறு மாலைதோறும் கூடி ஜெபிக்கிறார்கள். அவர்களை ஒரு சபையாக நிலைநிறுத்தலாம் என்பது வாலிபர்களின் கருத்து. மூத்தவர்களோ, நம் சபை மண்டபமே பாதியில் நிற்கும்போது நல்ல குடும்பங்களையும் காணிக்கையையும் வெளியே அனுப்பிவிட்டு நாம் என்ன செய்வது என்று வருந்துகிறார்கள். புதிய சபைக்கு எங்கள் சபையின் பெயரையே வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. வழிகாட்ட வேண்டுகிறோம்.
— சபைக் கமிட்டிச் செயலர், தருமபுரி

பதில்: அன்புள்ள ஐயா, தங்களுக்கும் தங்கள் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் பணம் முதலில் வருகிறது, கட்டிடம் அடுத்து வருகிறது, ஊழியர் சம்பளம் அதற்கும் அடுத்து வருகிறது, ஓசூரில் ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கும் 11 குடும்பங்கள் ஏறக்குறையக் கடைசியில் வருகிறார்கள். தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆயராக இருந்தவன் என்ற முறையில், நான் உட்கார்ந்திருந்த கமிட்டிகளிலும் இதே வரிசையில்தான் பேசினோம். ஆனால் என் ஆலோசனை முழுவதும் அந்த வரிசையை மாற்றுவதில்தான் தொடங்குகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். அந்தியோகியா சபையை எருசலேம் சபை திட்டமிட்டுத் தொடங்கவில்லை. ஸ்தேவான் நிமித்தம் எழும்பிய உபத்திரவத்தில் சிதறிப்போனவர்கள், பிழைக்கப் போன இடத்தில், தங்கள் வாயால் பேசியதில் அது உண்டானது. செய்தி எட்டிய பிறகுதான் எருசலேம் பர்னபாவை அனுப்புகிறது. அவர் போய்ப் பார்த்து, சந்தோஷப்பட்டு, அவர்களுக்குப் புத்தி சொல்லி, தனக்குத் துணையாகத் தர்சுவிலிருந்து சவுலைத் தேடி அழைத்து வந்து, ஒரு வருஷ காலம் அங்கேயே தங்குகிறார். எருசலேம் கட்டிடம் கட்டிக் கொடுத்ததாகவோ பணம் அனுப்பியதாகவோ அங்கே ஒரு வரியும் இல்லை. அனுப்பியது ஒரு நல்ல மனிதரை. அதே அதிகாரத்தின் கடைசியில் பஞ்சம் வருகிறது. அப்போது யூதேயாவிலிருந்த சகோதரருக்கு உதவி அனுப்புவது அந்தியோகியாதான். காணிக்கை வெளியே போய்விடுமே என்று வருந்தும் மூத்தவர்களுக்கு இந்தப் பகுதியை நிதானமாக வாசித்துக் காட்டலாம்.

அவர்களுடைய வருத்தத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சபையை நூறு ஆண்டுகள் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான். மண்டபத்தின் தூண்கள் கம்பி தெரிய வெயிலில் நிற்பதைப் பார்த்து மனம் நோவது இயல்பு. ஆகவே முதலில் கணக்கைத் தெளிவாக வையுங்கள். ஓசூருக்குப் போன 11 குடும்பங்களும் கடந்த மூன்று ஆண்டுகளில் தருமபுரியில் உண்மையில் எவ்வளவு காணிக்கை செலுத்தினார்கள் என்று ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி வாழும் குடும்பம் பண்டிகைக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் வந்து போவதே பெரிது. அவர்களுடைய மாதக் காணிக்கை பெரும்பாலும் எப்போதோ நின்றிருக்கும். இனிமேல் இழக்கப்போவதாக அஞ்சுவது, பல ஆண்டுகளுக்கு முன்பே கையைவிட்டுப் போனதாக இருக்கக்கூடும். அதைப் பேச்சாகச் சொன்னால் வாக்குவாதம் ஆகிவிடும். ரசீதை மேசைமேல் வைத்தால் மூத்தவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் உண்மையான இழப்பு ஒன்று இருக்கும், அதை மறைக்கவும் கூடாது. 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவின் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக ஐந்து பேர் பெயர் சொல்லப்படுகிறார்கள்: பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, மனாயீன், சவுல். பரிசுத்த ஆவியானவர் பிரித்துவிடச் சொன்னது அந்த ஐவரில் முதலாவது பெயரையும் கடைசிப் பெயரையும். சபையில் வேலையில்லாமல் இருந்தவர்களை அவர்கள் அனுப்பவில்லை. புதிய சபைக்கு உதவ விரும்பும் பழைய சபை, ஞாயிறு பள்ளியை நடத்தும் ஆசிரியையையோ, கணக்கில் ஒரு ரூபாய் பிசகாத பொருளாளரையோ விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். 12 லட்சத்தைவிட இது கடினமானது. ஆண்டுக்கு ஆறு மாதமாவது, மாதம் இரண்டு ஞாயிறாவது ஓசூருக்குப் போய் அவர்களோடு உட்காரக்கூடிய இரண்டு பேர் தங்கள் சபையில் யார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் ஊழியம் செய்த நாட்களில், சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நாற்றுப்பண்ணை வைத்திருந்த சபையார் ஒருவர், பழைய முறையான நெருக்கு ஒட்டை எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் காட்டினார். ஒரு வயதுக் கொட்டைக்கன்றைத் தொட்டியோடு தூக்கித் தாய்மரத்தின் கிளைக்கு அருகில் பரண் கட்டி வைக்கிறார்கள். கன்றின் தண்டிலும் கிளையின் குச்சியிலும் ஒரே அளவுக்குப் பட்டையோடு சிறிது சீவி, சீவிய இரண்டு பக்கத்தையும் நேருக்கு நேர் பொருத்தி இறுகக் கட்டுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் தாய்மரம் அந்தக் குச்சிக்குச் சாறு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் கன்றின் வேரோடு அது இணைகிறது. பிறகுதான் அறுப்பது. அதையும் ஒரே வெட்டாக அறுப்பதில்லை. கட்டுக்குக் கீழே குச்சியில் முதலில் லேசாக ஒரு வெட்டு, சில நாள் கழித்து இன்னும் ஆழமாக, பிறகு முழுவதுமாக. முதல் வெட்டுக்குப் பிறகு இலை வாடுகிறதா என்று அவர் தினமும் காலையில் வந்து தொட்டுப் பார்ப்பார். முன்கூட்டியே அறுத்தால் கன்று கருகிவிடும், அறுக்கவே மனம் வராவிட்டால் அது கடைசிவரை கிளையாகவே இருக்கும், யாரும் அதைக் கொண்டுபோய் நட முடியாது என்று சொன்னார். அன்று நான் கவனித்த இன்னொன்றும் உண்டு: பழத்தின் சாதி தாய்மரத்திலிருந்து வருகிறது, வேரோ அந்தக் கொட்டைக்கன்றுடையது.

தங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்ல விரும்பும் பதில் அந்தப் பரணில் இருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதே கூட்டத்தில், எந்தெந்த மாதத்தில் எவ்வளவு குறைப்பது, எந்த ஆண்டில் நிறுத்துவது என்பதையும் தீர்மானித்து நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுங்கள். அறுக்கும் நாளைக் குறிக்காமல் தொடங்கிய உதவியால் நலிந்துபோன சபைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இது புதிய எண்ணமல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனெரிச் சங்கத்துக்கு 1841 முதல் 1872 வரை செயலராக இருந்த ஹென்றி வென்னும், அமெரிக்க மிஷனெரிச் சங்கத்தின் ரூஃபஸ் ஆண்டர்சனும், தன்னைத் தானே ஆளுகிற, தன்னைத் தானே தாங்குகிற, தன்னைத் தானே பரப்புகிற சபையே ஊழியத்தின் இலக்கு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார்கள். மிஷன் தன் வேலையை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துபோக வேண்டும் என்பது வென்னின் கொள்கை. சொல்வது எளிதாக இருந்தது. நம் கிருஷ்ணகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையார் இந்தியாவில் தங்கள் ஊழியத்தை 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கினார்கள், பிறகு ஆம்பூருக்கு விரிந்தார்கள். அந்த ஊழியத்தில் பிறந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது 1958இல். இடையில் 63 ஆண்டுகள். கடல் கடந்து வந்தவர்களுக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கலாம்; தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் போகும் சபைக்கு அறுபது ஆண்டு தேவையில்லை, நான்கு அல்லது ஐந்து ஆண்டு போதும்.

இனி மூன்று யோசனைகளையும் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு என்பது ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். ஐந்தரை ஆண்டில் தங்கள் 12 லட்சமும் தீர்ந்துவிடும். அந்த ஆறு பேரில் எவரும் 3,000 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே அவர்கள் ஒவ்வொருவரும் தங்களைப் போன்ற நான்கைந்து சபைகளுக்கு மாதாமாதம் புகைப்படமும் அறிக்கையும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஊழியரின் கண் முழுவதும் தனக்குப் பணம் அனுப்புகிறவர்மேல் போய்விடும், தன்னோடு இருக்கும் மக்கள்மேல் நிற்காது. இது அவர்களுடைய குணக்கேடு அல்ல. பசியுள்ள வீட்டில் யாருக்கும் நேர்வது. ஆறு பேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதைவிட ஒருவருக்கு முழுச் சம்பளம், மாதத்தின் முதல் தேதியில் அவர் வங்கிக் கணக்கில், மருத்துவக் காப்பீட்டோடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தோடும் கொடுப்பது நேர்மையானது. தெசலோனிக்கேயில் இருந்த பவுலின் குறைச்சலுக்காகப் பிலிப்பியர் ஒருதரம் இரண்டுதரம் உதவி அனுப்பினார்கள் என்று அவர் நன்றியோடு எழுதுகிறார். அறிந்த ஒருவருக்கு, அவருடைய தேவை அறிந்து அனுப்பிய உதவி அது.

கிராமத்தில் ஆலயம் கட்டுவதைப் பற்றி எனக்கு வருத்தமான அனுபவம் உண்டு. ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரச் சபையின் ஜூபிலி நினைவாக ஒரு சிற்றூரில் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டைக்கு நானும் போயிருந்தேன். அப்போது அந்த ஊரில் ஏழு விசுவாசக் குடும்பங்கள். வாசலில் பளிங்குக் கல்லில் கொடையாளர் பெயர் 22 பொறித்திருந்தது. அந்த ஏழு குடும்பத்தில் ஒருவர் பெயரும் இல்லை, அவர்கள் மண் சுமந்திருந்தார்கள், அது கல்லில் ஏறவில்லை. பதினோரு ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனபோது இறங்கிப் பார்த்தேன். கதவில் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு, தருமபுரியில் இருக்கும் என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி. ஓடு இரண்டு மூன்று விழுந்திருந்தது. ஏன் நீங்களே மாற்றவில்லை என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, அது அவுங்க கோயிலுங்களே ஐயா, கேக்காம எப்படிக் கை வெக்கிறது என்றார். அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை, ஏனென்றால் பிரதிஷ்டை நாளில் பளிங்குக் கல்லுக்கு முன் நின்று ஜெபம் செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே அரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உடனே கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் அந்த ஊரில் ஏற்கெனவே வேறு ஊழியர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் சுயாதீனச் சபைப் போதகர்கள் வாடகை வீட்டில் பல ஆண்டாகக் கூட்டம் நடத்தி வருகிறார்கள். வேறொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடிக்குத் தான் கவனமாக இருந்ததாகப் பவுல் ரோமருக்கு எழுதுகிறார். ஒரு சிறு ஊரில் இரண்டாவது மணிக்கூண்டு எழும்பும்போது புதிதாக யாரும் வருவதில்லை. முதலாவது கூட்டத்திலிருந்து பாதிப் பேர் இங்கே வந்து உட்காருவார்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்தில் ஆலயம் ஊருக்குள் நிற்கிறதா, காலனியில் நிற்கிறதா, இரண்டுக்கும் பொதுவான சாலையோரத்தில் நிற்கிறதா என்பதே அதற்குள் யார் கால் வைப்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. புதிய சபை ஒரே சாதிக்குரிய கோயிலாகத் தொடங்கினால் பிறகு எந்தப் பிரசங்கத்தாலும் அதைத் திருத்த முடியாது. ஒன்றாக உட்காருவதும், ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவதும், ஒரே பந்தியில் அசன விருந்து உண்பதும் முதல் மாதத்திலிருந்தே பழக்கமாக வேண்டும்.

அதே உண்மை உணர்வோடு, ஞானஸ்நானம் கேட்டு வருவோருக்குச் சட்ட நிலையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கும், பின்னர் 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்குமே உண்டு. கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியார் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு அப்படியல்ல, மதம் மாறினாலும் அந்த நிலை மாறுவதில்லை. சித்தேரி மலையிலுள்ள மலையாளி என்னும் பழங்குடியினருக்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளருக்கும் இது பொருந்தும். பட்டியல் சாதியார் விஷயத்தில் இந்தச் சட்டம் நியாயமற்றது என்பது என் எண்ணம், பல பத்தாண்டுகளாக நம் திருச்சபைகள் அதை எதிர்த்து வருகின்றன. ஆனாலும் ஒரு பெண் தன் மகனின் கல்லூரிச் சேர்க்கையின்போதுதான் இதை முதன்முதலாக அறிகிறாள் என்றால், அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவளுக்குக் கடன்பட்டவர். எவருக்கும் பொருளோ வேலையோ வாக்களித்துச் சபை சேர்க்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்பதை அறிவேன். தாங்கள் அனுப்பும் ஊழியருக்கும் அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி ஓசூர். என் மனம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் இங்கும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஓசூரில் சபைகளுக்குக் குறைவில்லை. அந்த 11 குடும்பங்களும் அங்கேயுள்ள நல்ல சபை ஒன்றில் சேர்ந்து ஊழியம் செய்யலாமே என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. பிறந்த ஊர்ப் பாட்டையும், பழகிய ஆராதனை முறையையும், சொந்தக்காரர் முகங்களையும் வாரம் ஒருமுறை பார்ப்பதற்காக மட்டுமே அவர்கள் கூடுகிறார்கள் என்றால், அது ஓசூர் வாழ் தருமபுரியார் சங்கமாகத்தான் வளரும். அதற்குச் சபை என்ற பெயர் வேண்டாம். அவர்கள் யாருக்காகக் கூட விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியதில், குறிப்பாகக் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஏராளமாக விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊரில் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். இங்கே தமிழ் ஆராதனையில் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. பேருந்தில் இறங்கி எந்த வாசலுக்குப் போவது என்றும் தெரியாது. அந்த வீட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு குடும்பம் இரண்டு இந்திப் பாடல்களைக் கற்றுக்கொண்டு மாதம் ஒரு முறை அந்தப் பிள்ளைகளை அழைத்துச் சோறு போட்டால், அது ஏன் தனிச் சபையாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஓசூர் வட்டாரத்துத் தெலுங்கரும் கன்னடரும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். திருநெல்வேலிச் சபையார் 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்கு முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா தமிழரை விட்டுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார், அந்த மொழியைக் கற்றார், 1912இல் அங்கேயே பேராயரானார். இக்காலத்தில் அதற்காக அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவிலேயே வேறு மொழி இருக்கிறது.

நேரத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். தருமபுரியில் காலை எட்டரை மணி ஆராதனை என்பதால் ஓசூரிலும் அப்படி என்று இருக்கக் கூடாது. மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் இரவு வேலை முடித்து வந்தவர் காலையில் உறங்க வேண்டும். ஞாயிறு மாலை என்று அவர்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்டது சரியான அறிவு. போச்சம்பள்ளியில் வாரச்சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமைதான். அந்தப் பக்கத்தில் காலை ஆராதனை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைபட்ட உபதேசியார் ஒருவரிடம், விடியலுக்கு முன்பே வைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னதுண்டு.

எந்த அடி எடுத்து வைப்பதற்கு முன்பும் ஓசூர் எல்லைக்குரிய ஆயரைத் தாங்களும் தங்கள் ஆயரும் நேரில் சந்தியுங்கள். கடிதம் போதாது. திருவிருந்து, ஞானஸ்நானம், திருமணப் பதிவு ஆகியவை யார் பொறுப்பு என்பதைப் பேராய அலுவலகத்தின் ஒப்புதலோடு எழுதி வைக்காவிட்டால், முதல் திருமணத்திலேயே மனத்தாங்கல் வரும்.

பணத்துக்கு வருகிறேன். 12 லட்சத்தில் ஏறக்குறைய எட்டு லட்சத்தை ஒரே ஊழியரின் சம்பளத்துக்காக ஒதுக்கி வையுங்கள். முதலாம் ஆண்டு முழுச் சம்பளம், இரண்டாம் ஆண்டு முக்கால் பங்கு, மூன்றாம் ஆண்டு பாதி, நான்காம் ஆண்டு கால் பங்கு, அதன் பிறகு ஒன்றுமில்லை. குறையும் பங்கை அந்தச் சபையார் ஈடுசெய்ய வேண்டும். 11 குடும்பங்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் என்றால் இது முடியும். கூடும் இடத்தின் வாடகையை மட்டும் முதல் மாதத்திலிருந்தே அவர்கள்தான் கொடுக்க வேண்டும், சிறு தொகையானாலும். மிசோரம் சபையில் 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுத்து வருகிறார்கள். அந்தப் பிடியரிசியிலிருந்து எத்தனையோ ஊழியர்கள் தாங்கப்பட்டார்கள். தென்மாவட்டச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை பழக்கம்தான். கொடுக்கக் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்த சபையால் பின்னால் கற்றுக்கொள்ள முடிவதில்லை. மீதியுள்ள நான்கு லட்சத்தில் ஒரு பங்கைப் பயணத்துக்கும், ஊழியரின் மொழிப் பயிற்சிக்கும், ஒலிபெருக்கி, பாய், பாட்டுப் புத்தகம் போன்றவற்றுக்கும் வையுங்கள். மற்றதை மண்டபத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மூத்தவர்களின் மனத்தையும் ஆற்ற வேண்டும், கம்பிகள் துருப்பிடிப்பதும் உண்மைதானே.

பின்னால் இடம் வாங்கும் நாள் வந்தால் சில காரியங்களில் தவறக் கூடாது. எந்தத் தனிமனிதர் பெயரிலும் கிரயம் வேண்டாம், ஊழியர் எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம். பேராயத்தின் சொத்துகள் எந்தப் பெயரில் பதிவாகின்றனவோ அந்தப் பெயரில்தான் வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அது பட்டியல் சாதியாருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா, புறம்போக்கா என்று பதிவேடுகளில் விசாரியுங்கள். பஞ்சமி நிலத்தைச் சபைக்காக என்று வாங்கினாலும் அந்தக் கிரயம் நிற்காது, வாங்குவது அநீதியும்கூட. பொதுவழிபாட்டுக்கான கட்டிடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீடு என்று வரைபட அனுமதி வாங்கி ஆலயமாக மாற்றிக்கொள்வது பல இடங்களில் முத்திரை வைப்பதில் முடிந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழும் சபையாரிடம் நிதி கேட்கும் எண்ணம் இருந்தால் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுப்பது கருதப்படும்; அப்படி வந்த நன்கொடையை ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு மாற்றித் தருவதை 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்திருக்கிறது.

கடைசியாகப் பெயர். தங்கள் சபையின் பெயரையே வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சபையார் இரண்டு ஆண்டு கூடிவந்த பிறகு, தங்கள் பெயரைத் தாங்களே ஜெபித்துத் தேர்ந்துகொள்ளட்டும். தாங்கள் பெயர் சொல்லாமல் இருந்தால் அவர்களே ஒருவேளை தங்கள் தாய்ச்சபையின் பெயரைக் கேட்டு எழுதுவார்கள், அப்போது மறுக்க வேண்டாம். நூற்றாண்டு விழா மேடையில் அதை அறிவிக்கும் அவசரமும் வேண்டாம். அந்த நாளில் 11 குடும்பத்தாரையும் முன்னால் அழைத்து, கமிட்டியார் அவர்கள்மேல் கைவைத்து ஜெபித்து அனுப்பினால் போதும். அதற்கு முன், வரும் மாதத்திலேயே ஒரு ஞாயிறு மாலை, தாங்களும் மண்டபத்துக்காக வருந்தும் மூத்தவர்களில் ஒருவரும் முன்னறிவிப்பு இல்லாமல் பாகலூர் சாலைக்குப் போய் அந்த வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதினால், ஊழியரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாகச் சொல்கிறேன்.